க்ரூமரிடம் நாயை விடுமுன்: வாசகர் கேள்வி – பதில்

தாம்பரம் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். எங்கள் ஷிட்ஸுவுக்கு இரண்டு வயது. சுற்றிலும் மூன்று க்ரூமிங் கடைகள் (நாயைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டிவிடும் இடங்கள்) இருக்கின்றன. மூன்றுக்கும் கூகுளில் நாலரை நட்சத்திரம். எதை நம்பி விடுவது?
– வாசகி, தாம்பரம்

நட்சத்திரத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அதைப் போடுகிறவர்கள் நாய் மணக்க மணக்க வெளியே வந்ததைப் பார்த்துப் போடுகிறார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் தடவை நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். கூட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. ஆள் நெருக்கடியில் ஒரு கடை எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொன்னால் நியாயம்தான். சொந்தக்காரரைப் பார்த்தால் நாய் துள்ளும், கத்தரி முனை கண்ணில் படலாம். ஆனால் "உள்ளே யாரையும் விடுறதில்லை, கேமராவும் இல்லை" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

உள்ளே முதலில் மேசையைப் பாருங்கள். நாய் மேசைமேல் நிற்கும்போது க்ரூமரின் ஒரு கை அதன் உடம்பில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மேசைக் கம்பியிலிருந்து கழுத்துக்கு ஒரு கயிறு மாட்டியிருப்பார்கள். நாய் குதிக்காமலிருக்க அது தேவைதான். ஆனால் அதை மாட்டிவிட்டு போன் எடுக்கவோ பில் போடவோ நகர்ந்தால், கால் ஒரு முறை சறுக்கினாலே அது தூக்குக்கயிறு. இப்படி நாய்கள் இறந்திருக்கின்றன. "ஒரு நிமிஷம்தானே" என்று நகர்கிற கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது கிளிப்பர், அதாவது முடி வெட்டும் மெஷின். பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் பிளேடு நன்றாகச் சூடேறும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு இங்கெல்லாம் அந்தச் சூடு கோடு கோடாகச் சிவந்துவிடும். வேலை தெரிந்தவர் சில நிமிடத்துக்கு ஒரு தரம் பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் பிளேடை மாற்றுவார், இல்லையென்றால் கூலிங் ஸ்பிரே அடித்துத் துடைப்பார். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இந்தப் பழக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் நடுவில் பிளேடு, சீப்பு, மேசை மூன்றையும் கிருமிநாசினியால் துடைக்கிறாரா, ஆளுக்கொரு துண்டு எடுக்கிறாரா என்றும் பாருங்கள். படர்தாமரையும் சொறியும் சீப்பு வழியாகவே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் வரும்.

அப்புறம் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தடுப்பூசிக் கார்டைக் கேட்க வேண்டும். ரேபீஸ் ஊசி போட்ட தேதி, வலிப்பு வந்ததுண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் சீழ் இருந்ததா, எங்கே தொட்டால் கடிக்கும், உண்ணிக்கு என்ன மருந்து எப்போது போட்டீர்கள், கடைசியாக முடி வெட்டியது எப்போது, இத்தனையும் கேட்க வேண்டும். எதுவுமே கேட்காமல் "எத்தனை மணிக்குக் கொண்டு வர்றீங்க?" என்று மட்டும் கேட்கிறவர் உங்கள் நாய்க்குப் பக்கத்தில் நிற்கப்போகும் நாயைப் பற்றியும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்.

சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு அளவோடு மதிப்புக் கொடுங்கள். நம் நாட்டில் க்ரூமருக்கென்று கட்டாய உரிமம் கிடையாது. சான்றிதழ் தருபவை பெரும்பாலும் தனியார் பயிற்சிப் பள்ளிகள். "எத்தனை நாள் பயிற்சி, எந்தெந்த வகை நாயில் கை பழகினீர்கள்?" என்று கேட்டால் அதன் எடை புரியும்.

தேர்ந்தெடுத்த பிறகும் முதல் தடவை முழு ஹேர்கட் வேண்டாம். குளியல், நகம், பாத முடி, இவ்வளவு போதும். வீட்டுக்கு வந்ததும் நாயை மல்லாத்திப் போட்டு அக்குள், விரலிடுக்கு, காது மடலின் உட்புறம், கண் நான்கையும் பாருங்கள். சிவப்போ கீறலோ ஈரமோ இருக்கக் கூடாது. இரண்டாவது தடவை அந்தக் கடை வாசலில் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். லேசாகத் தயங்குவது சகஜம். உடம்பெல்லாம் நடுங்கி, வாலை இடுக்கிக்கொண்டு சிறுநீர் விட்டால் அந்தக் கடை வேண்டாம்.

ஓரங்களை மட்டும் சரிசெய்யச் சொல்லி எங்கள் லாசாவை விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனால் மொட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் "ஒரே சிக்கு, வேற வழியில்லை" என்கிறார்கள். இது ஏமாற்றுதானே?
– வாசகர், சேலம்

மழித்தது தப்பாக இல்லாமல் இருக்கலாம். கேட்காமல் மழித்தது தப்பு. சிக்கு அதிகமாக இருந்தால் வேலையை நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பி, "இப்படி இருக்கிறது, மழிக்கலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு போன் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் சிக்கு என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உதிர்ந்த முடி வெளியே வராமல், வளரும் முடியோடு முறுக்கிக்கொள்கிறது. அதன்மேல் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கம்பளித் துணி சுருங்குவதுபோல் இறுகித் தோலைப் பிடித்து இழுக்கும். நாய் எட்டு வைக்கும்போதெல்லாம் வலிக்கும். தோல் சிக்குக்குள் கூம்பாக எழும்பி நிற்பதால் கத்தரியால் வெட்டப் போனால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். வீட்டில் கத்தரி எடுக்கவே எடுக்காதீர்கள். இறுகிப்போன சிக்கை எடுக்க ஒரே பத்திரமான வழி, அதற்கும் தோலுக்கும் நடுவே பிளேடை நுழைத்து மழிப்பதுதான். பிளேடின் எண் கூடக் கூட முடி குட்டையாகும். 10 எண் பிளேடு ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். 40 எண் விட்டுவைப்பது கால் மில்லிமீட்டர்தான். அது அறுவை சிகிச்சைக்கு முன் மழிப்பதற்கானது. உங்கள் நாயின் தோல் வழவழவென்று தெரிந்தால் எந்த பிளேடு போட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

காதிலிருந்த சிக்கை மழித்திருந்தால் இரண்டு நாள் காதைக் கவனியுங்கள். அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த சிக்கு போனதும் மடலுக்கு ரத்தம் பாயும். நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தால் மடலுக்குள் ரத்தம் கட்டி, தலையணைபோல் உப்பும். உதறத் தொடங்கியதுமே இரண்டு காதையும் தலையோடு சேர்த்து மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். உப்பிவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி வளரும் முடிக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பின்காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கையால் முடியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே வகிடுபோலத் தோல் தெரியும் ஒரு வரிசையை மட்டும் பிரஷ்ஷால் வாருங்கள். பிறகு ஒரு விரலளவு மேலே போய் அடுத்த வரிசை. மேலாக வாரினால் மேலே பட்டுப்போல இருக்கும், அடியில் நமுத்துப்போன பஞ்சு மெத்தைபோல இறுகிக் கிடக்கும். முடிவில் உலோகச் சீப்பைத் தோல் வரை இறக்கி இழுங்கள். தட்டாமல் வந்தால் சிக்கு இல்லை. காதுக்குப் பின்புறம், அக்குள், காலர் பட்டைக்கு அடி, வாலின் அடி இந்த நான்கு இடத்தையும் விட்டுவிடாதீர்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் வார வேண்டும். சிக்கோடு நனைத்தால் முன்பே சொன்னதுபோல் இன்னும் இறுகும்.

எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு வெயில் தாங்கவில்லை என்று முழுக்க மெஷின் போட்டுவிடச் சொல்கிறார் க்ரூமர். போடலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். தோல் நோய்க்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ டாக்டர் சொன்னால் மட்டும் போடலாம்.

கோல்டன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கும் ஸ்பிட்ஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு அடுக்கு முடி. மேலே விறைப்பான நீள முடி, அடியில் பஞ்சுபோன்ற முடி. நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் வெளியேற்றுகிறது. ஆகவே மழிப்பதால் நீங்கள் நினைக்கும் அளவு குளிர்ச்சி கிடைக்காது. மேல் முடி போனதும் வெயில் நேராகத் தோலில் விழும். அதைவிட மோசம், மறுபடி வளரும்போது அடிமுடி முந்திக்கொண்டு, மேல்முடி திட்டுத்திட்டாகவோ, சில நாய்களுக்கு ஓராண்டு தாண்டியோதான் வரும். வயதான நாய்க்கும் தைராய்டு குறைவான நாய்க்கும் வராமலே போவதும் உண்டு.

கோவை வெயிலுக்கு அந்த நாய்க்குத் தேவை, உதிர்ந்து உள்ளே தங்கிவிட்ட அடிமுடியை எடுப்பதுதான். குளிப்பாட்டி, வேகமான காற்று அடிக்கும் ப்ளோயரால் முடியை வேர் வரை பிரித்துக் காயவைத்து, அடிமுடி ரேக் என்ற சீப்பால் வாரி எடுப்பார்கள். ஒரு வாளி நிறையப் பஞ்சு வரும். அதற்குப் பிறகு காற்று தோல் வரை போகும். கூடவே பாதத்து அடிமுடி, ஆசனவாயைச் சுற்றிய முடி, அடிவயிறு மூன்றையும் குட்டையாக வெட்டலாம். "அடிமுடி எடுத்துவிடுங்கள், மெஷின் வேண்டாம்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் உடனே சம்மதிப்பார். இது நேரம் பிடிக்கும் வேலை, ஆகவே காசு கூடக் கேட்டால் கொடுங்கள். முழு உடம்புக்கும் மெஷின் போடுவது அவருக்குச் சுலபம். ப்ளோயர் பிடித்து வாரினால்தான் முதுகு ஒடியும்.

குளிப்பாட்டிக்கொண்டு வந்த மறுநாள் எங்கள் பாக்ஸர் முதுகைத் தொடவே விடவில்லை. முதுகுத்தண்டில் அடி பட்டிருக்கும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் முதுகு முழுக்கக் கொப்புளம், ரத்தம், சீழ். டாக்டர் "குளிப்பாட்டினதால வந்தது" என்கிறார். குளித்தால் இப்படி வருமா?
– வாசகி, மதுரை

வரும். அபூர்வம்தான், ஆனால் க்ரூமர்களும் நாய் வளர்ப்பவர்களும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. குளியலுக்குப் பின் ஒன்றிரண்டு நாளில் முதுகில் முடி வேர்கள் வெடித்துச் சீழ் பிடிக்கும். கொப்புளம் தெரிவதற்கு முன்பே கடுமையான வலி, காய்ச்சல், சோர்வு வந்துவிடுவதால் முதுகெலும்புக் கோளாறு என்று நினைத்து எக்ஸ்ரே எடுப்பவர்களும் உண்டு.

காரணம் பெரும்பாலும் ஷாம்பு பாட்டில்தான். கெட்டியான ஷாம்புவை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, தண்ணீர் கலந்து பாட்டில்களில் ஊற்றி வைப்பார்கள். கெட்டியாக இருக்கும்வரை அதிலுள்ள பதப்படுத்தும் பொருள் கிருமியை அடக்கும். தண்ணீர் கலந்ததும் அந்தச் சக்தி குறைந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் நாலைந்து நாள் அப்படியே வைத்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகும். தண்ணீரில் வளர்வது அதற்குக் கைவந்த கலை. அதை ஊற்றி, பாக்ஸரைப் போன்ற குட்டை, விறைப்பு முடி நாயின் முதுகில் எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடி வேருக்குள் கிருமி இறங்கிவிடும்.

சீழைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கிறது என்று பார்த்துத்தான் மருந்து தர வேண்டியிருக்கும். பல வாரம் ஆகலாம். கொப்புளம் வாடியதும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு வாங்கி வைத்த ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் இருந்தால் அதையும் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடமும் போய்ச் சொல்லுங்கள். சண்டைக்காக வேண்டாம், அதே பாட்டில் இன்று வேறு நாய்க்குப் போய்க்கொண்டிருக்கும் என்பதால் சொல்லுங்கள். ஷாம்புவை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும், மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். புதிதாக ஒரு க்ரூமரைப் பார்க்கப் போகும் எல்லோரும் "இந்த ஷாம்பு எப்போது கலந்தது?" என்று கேளுங்கள்.

"ஃபுல் பேக்கேஜ்" என்று பட்டியல் தருகிறார்கள்: காது முடி பிடுங்குதல், ஆசனப்பை பிழிதல், பல் சுத்தம், உண்ணிக் குளியல். எல்லாம் தேவையா?
– வாசகர், ஈரோடு

உங்கள் நாய் என்ன வகை என்று எழுதவில்லை. எந்த நாயானாலும் இந்த நான்கும் மாதாமாதம் தேவைப்படாது.

காதில் நாற்றமோ சிவப்போ இல்லையென்றால் முடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கிய வேரில் புண்ணாகி அதுவே காது நோயாக மாறும். அடிக்கடி காது நோய் வரும் பூடில் போன்ற நாய்க்கு டாக்டர் சொன்னால் செய்யலாம். ஆசனப்பை என்பது ஆசனவாய்க்கு இரு பக்கமும் உள்ள சிறு பை. நாய் மலம் கழிக்கும்போது அது தானே காலியாகும். சும்மா இருப்பதை மாதாமாதம் அழுத்தினால் வீக்கம்தான் வரும். பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனாலோ அங்கேயே நக்கிக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பல்லில் பிரஷ் போடுவது நல்லது, ஆனால் அதை நீங்கள் வீட்டில் தினமும் செய்தால்தான் பலன். பல்லில் படிந்து இறுகிய காறையை இரும்புக் கருவியால் சுரண்டுவது க்ரூமர் வேலை கிடையாது. ஈறுக்கு அடியிலுள்ள காறையை மயக்கம் கொடுத்து டாக்டர்தான் எடுக்க முடியும்.

உண்ணிக் குளியலில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். பல இடங்களில் கலப்பது அமித்ராஸ் என்ற பூச்சிமருந்து. அளவு கூடினால் நாய் மந்தமாகித் தள்ளாடும், வாந்தி எடுக்கும், இதயத் துடிப்பு குறையும். குட்டிகளுக்கும், சர்க்கரை நோயுள்ள நாய்களுக்கும், சிவாவா இன நாய்க்கும் அது ஆகாது. மருந்தின் பெயரும் அளவும் பில்லில் எழுதித் தர முடியாது என்றால் போட விடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் நாய்க்குப் போட வேண்டாம். பூனைக்கு அது விஷம். கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போடுகிறீர்கள் என்றால், போடுவதற்கு முன் இரண்டு நாளும் போட்ட பின் இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. க்ரூமிங் தேதியை அதற்கேற்ப வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணியை ஒழிக்க முடியாது, வீட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஸ்பிட்ஸ் நகம் வெட்டப் போனால் கடிக்கிறது. "தூக்க மருந்து கொடுத்துச் செய்கிறோம்" என்கிறார் க்ரூமர். பாதுகாப்பானதா?
– வாசகி, திருச்சி

க்ரூமர் கையால் மயக்க மருந்து கூடவே கூடாது. விலங்குக்கு மருந்து எழுதும் உரிமை பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மயக்கத்தில் இருக்கும் நாயால் தன் உடல் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ள முடியாது. அதை நனைத்து, சூடான காற்றில் நிறுத்தி, மூச்சை எண்ண ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எடை பார்க்காமல், இதயத்தைப் பரிசோதிக்காமல் மாத்திரை நீட்டுகிற கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

பயந்த நாய்க்குப் போகுமுன் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டால் உடல்நிலை பார்த்து எழுதித் தருவார். முதல் வேளையை வீட்டில் விடுமுறை நாளில் கொடுத்து, நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் க்ரூமரிடம் போக வேண்டும். க்ரூமருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். அளவான மஸில் (கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் மூடி) மாட்டுவதும் தப்பில்லை, நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை வடிவ மஸிலாக இருந்தால். வாயை இறுக்கி மூடும் துணி மஸில் ஓரிரு நிமிட வேலைக்கு மட்டும்தான்.

வீட்டில் தினமும் ஒரு பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். சில நாள் கழித்து நகவெட்டியைக் காட்டி ஒரு துண்டு, பிறகு நகத்தில் தொட்டு ஒரு துண்டு. நாய் காலை இழுத்துக்கொண்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், முந்தின படிக்குத் திரும்புங்கள். "இன்னிக்கு ரெண்டு கால் போதும், மீதி அடுத்த வாரம்" என்று சொல்கிற க்ரூமர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வீட்டு வாசலுக்கு வரும் க்ரூமிங் வேன் நல்லதா? எங்களிடம் இருப்பது பக்.
– வாசகர், அண்ணா நகர், சென்னை

பக்குக்கு வேனில் ஒரு நன்மை உண்டு, பக்கத்துக் கூண்டில் இன்னொரு நாய் குரைக்காது. ஆபத்து சூட்டில்தான் இருக்கிறது. மூக்கு சப்பையான நாயால் மூச்சிரைத்துச் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது. மே மாதத்தில் வேனுக்குள் ப்ளோயரும் ஓடினால் பத்து நிமிடத்தில் நிலைமை மாறிவிடும். வேன் நின்றிருக்கும்போது ஏசி எதில் ஓடுகிறது, ஜெனரேட்டரா பேட்டரியா, அது நின்றுபோனால் என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். காலை ஒன்பதுக்கு முன் நேரம் வாங்குங்கள். கூண்டில் அடைத்துச் சூடான காற்றடிக்கும் ட்ரையர் பக்குக்குக் கூடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள், கடையானாலும் இதுவேதான். கதவைத் திறந்துவைத்தோ கண்ணாடி வழியாகவோ நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104 தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது, 106 உயிருக்கே உலை. நாக்கு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, நாய் தள்ளாடினால் ப்ளோயரை நிறுத்தி, குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறி வைத்து, அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

சிப்பிப்பாறைக்கு க்ரூமர் தேவையா?
– வாசகர், கோவில்பட்டி

முடிக்காக என்றால் தேவையில்லை. ரப்பர் பிரஷ்ஷால் வாரம் ஒரு முறை தேய்த்துவிட்டு, அழுக்கானால் குளிப்பாட்டினால் போதும். நகத்துக்காகப் போவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் தலை குறுகல், சாதாரணக் கயிறு கழுத்திலிருந்து நழுவிவிடும், ஓடினால் பிடிக்க முடியாது. அகலமான பட்டையோடு கூட்டிப்போங்கள். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள், நாய்க்குக் காது கேட்குமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கேளாதவை அந்த இனத்தில் உண்டு. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

முடி வெட்டும்போது எங்கள் பூடிலின் காது நுனியை வெட்டிவிட்டார்கள். தையல் போட்டோம். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, வேலூர்

வெட்டுப்படுவது கை தேர்ந்தவருக்கும் நேரலாம். நேர்ந்ததும் உங்களுக்கு போன் செய்தார்களா, நீங்கள் வீட்டில் பார்த்துத்தான் கண்டுபிடித்தீர்களா என்பதை வைத்து முடிவெடுங்கள். மறைக்காமல் சொல்லி, சிகிச்சைச் செலவை ஏற்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். க்ரூமிங் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவது போதாது, தையல், மருந்து, மறுபரிசோதனைச் செலவும் அவர்களுடையதுதான்.

மறைத்திருந்தால், முதலில் காயம் எதனால், எப்போது ஏற்பட்டிருக்கும் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. கடை பில், வாட்ஸ்அப் செய்திகள், தேதி தெரியும் போட்டோக்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கடைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதைக் காட்டிக் கவனக்குறைவிலிருந்து அவர்களால் தப்பிவிட முடியாது.

நகம் வெட்டி ரத்தம் வந்தால் என்ன செய்வது? கறுப்பு நகம், எங்கே நரம்பு இருக்கிறது என்றே தெரியவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

கறுப்பு நகத்தை ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுவதுபோல் எடுத்து, ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டு முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறிப்போய், சுண்ணாம்புபோல் உலர்ந்து தெரியும். நடுவில் கரும்புள்ளி ஒன்று ஈரப்பசையோடு எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள், அதற்குப் பின்னாலேயே ரத்தக்குழாய் வந்துவிடும். காலின் உட்பக்கத்தில் உயரத்தில் இருக்கும் ஐந்தாவது நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் தேயாமல் வளைந்து வளர்ந்து தோலுக்குள்ளேயே குத்தும்.

ரத்தம் வந்தால் அதை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரை நுனியில் அழுத்திப் பிடியுங்கள். அது இல்லையென்றால் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) போதும். நடுவே எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பிடித்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அன்று முழுக்க மணலிலும் சேற்றிலும் நடக்க விடாதீர்கள்.

இருபது நிமிடம் ஆகியும் நிற்கவில்லையென்றால் அது நகத்தின் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். வெளியே நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் நாய்க்குக்கூட இப்படி இருக்கும். நல்ல க்ரூமர் அந்த இடத்திலேயே மற்ற நகங்களை வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஈறும் அடிவயிறும் பார்த்து, சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடுவார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். பாதத்தில் துணி சுற்றி அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய், தட்டணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக உண்ணி பார்த்தது எப்போது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.